ஐந்து மணி நேரத் தூக்கம் பழகிவிட்டால் மூளைக்குக் கேடு உண்டா?

இரண்டு ஆண்டுகளாக இரவு வேலை, தினமும் ஐந்து மணி நேரத் தூக்கம், உடம்பு அதற்குப் பழகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் 'பழகிவிட்டது' என்ற சொல்லை நம்பாதீர்கள். நானும் நான்கு ஆண்டுகள் அதையே சொல்லிக்கொண்டிருந்தவன்.

மலேசியாவில் பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் லாரிகளை எடை போடுவது என் வேலை. (ஊர்ப் பெரியவர்களுக்கு இன்றும் அது பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தைதான்.) வெட்டிய குலை கிடக்கக் கிடக்க எண்ணெயில் அமிலம் ஏறும், அதனால் விளைச்சல் மிகுந்த மாதங்களில் ஆலை விடிய விடிய ஓடும். அப்படி ஓர் இரவு, நான்கு மணி இருக்கும். அச்சு இயந்திரம் பழுதாகிக் கையால் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். திரையில் 18,420 கிலோ. நான் எழுதியது 14,820. லாரி ஓட்டுநர் சீட்டைத் திருப்பி நீட்டி, "மூன்றரை டன் எங்கே போனது, தம்பி?" என்றார். திரையைப் பார்த்தேன், சீட்டைப் பார்த்தேன். இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. அவர் ஒவ்வோர் எண்ணாக விரல் வைத்துக் காட்டிய பிறகுதான் பிழை கண்ணில் பட்டது. அப்போது எனக்குத் தூக்கம் வருவதாகக்கூடத் தோன்றவில்லை. என்னைக் கலங்கவைத்தது அதுதான்.

பிறகு தேடிப் படித்தேன். 2003-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நலமான பெரியவர்களைத் தொடர்ந்து 14 நாட்கள் இரவுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் படுக்கவிடாமல் வைத்தார்கள். அவர்களுடைய கவனமும் நினைவாற்றலும் நாளுக்கு நாள் சரிந்து, இரவு முழுக்கக் கண்விழித்தவர்களின் நிலைக்கு வந்துவிட்டன. ஆனால் தூக்கம் எவ்வளவு வருகிறது என்று கேட்டபோது, முதல் சில நாட்களுக்குப் பிறகு அவர்கள் சொன்ன பதில் பெரிதாக மாறவே இல்லை. பழகியது அந்த உணர்வு மட்டும்தான். மூளையின் வேலை பழகவில்லை. ஆறு மணி நேரத்துக்கே இந்தக் கதி என்றால் உங்கள் ஐந்தை எண்ணிப் பாருங்கள்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அதுதான் நம்மைத் தூக்கத்துக்குத் தள்ளுகிறது. தூங்கினால்தான் அது குறையும். கோப்பியில் உள்ள காஃபீன் அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். சேர்ந்த அடினோசின் அப்படியே காத்திருக்கும். நானும் ஓர் இரவுக்கு மூன்று குவளை கோப்பி ஓ (பால் சேர்க்காத கோப்பி) குடித்தவன்தான். அன்றாடம் கற்றதை நினைவில் பதிக்கிற பகுதியும், கோபத்தை அடக்கிப் பிடிக்கிற மூளையின் முன்பகுதியும் தூக்கமின்மையில் தளர்பவை. வீட்டில் காரணமில்லாமல் பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறீர்களா? அதைக் குணம் என்று எண்ணிவிட வேண்டாம்.

வண்டி ஓட்டுவதுதான் எனக்குப் பெரிய பயம். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்கு இறங்குகிறது என்று 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2020-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு மலேசியாவில் ஓட்டுநருக்கு உள்ள வரம்பும் அதே அளவுதான். ஒரு சொட்டுக் குடிக்காமலே நாம் அந்த வரம்பில் மோட்டார் சைக்கிளில் ஏறுகிறோம். ஒரு காலை, தோட்டத்து மாரியம்மன் கோயில் வளைவைக் கடந்தது எனக்கு நினைவில்லை. திடீரென்று பாலத்தின் மேல் இருந்தேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி மூளை அணைந்தால் வண்டி 50 மீட்டர் தானாகவே போய்விடும்.

"அந்தக் காலத்தில் நான்கு மணிக்கே எழுந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகவில்லையா?" என்று இங்கே பலர் கேட்பார்கள். என் அம்மாவும் போனவர்தான். வெயில் ஏறுவதற்கு முன்புதான் மரத்தில் பால் நன்றாக ஓடும். ஆனால் இரவு எட்டரைக்கெல்லாம் எங்கள் லயத்து வீட்டில் விளக்கு அணைந்துவிடும். அந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை.

இரவு வேலையை உடனே விட முடியாது என்பது எனக்குத் தெரியும். நானும் விடவில்லை. பகலில் ஏழு மணி நேரம் படுக்கிறேன்; சன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்துக் கொடுத்தது என் மனைவி. வேலை முடிந்ததும் ஆலையின் ஓய்வறையில் இருபது நிமிடம் கண்ணயர்கிறேன். பிறகு தம்பி வந்து என்னை ஏற்றிப்போகிறான். கையால் சீட்டு எழுத நேர்ந்தால், எடையை ஓட்டுநரையே ஒருமுறை உரக்கப் படிக்கச் சொல்கிறேன்.