மதிப்பீட்டு வரி நோட்டீஸை ஓரமாக வைக்காதீர்கள்

வணக்கம். சிங்கப்பூரில் உங்கள் சிறு நிறுவனம் நட்டத்தில் ஓடியதால் வருமான வரிப் படிவம் போடவில்லை; இப்போது வரி ஆணையமே ஒரு தொகையை உத்தேசமாகப் போட்டு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது, வராத லாபத்துக்கு எதற்கு வரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் நட்டம் என்றாலும் நவம்பர் 30க்குள் படிவம் போட்டே ஆக வேண்டும். போடாவிட்டால் அவர்களாகவே மதிப்பிட்டு, 17 சதவீத வரி விதிப்பார்கள்.

முதலில் நோட்டீஸின் தேதியைப் பாருங்கள். ஆட்சேபம் தெரிவிக்க அன்றிலிருந்து இரண்டு மாதம். பணம் கட்ட ஒரே மாதம்தான்; ஆட்சேபித்தாலும் இந்தக் கெடு மாறாது. பலர் சறுக்குவது இங்கேதான். கெடு தாண்டினால் 5 சதவீத அபராதம். அப்புறம் உங்கள் வங்கிக்கே கடிதம் போய், கணக்கிலிருந்து நேராக எடுத்துக்கொள்வார்கள். முழுசாகக் கட்ட முடியாவிட்டால் இப்போதே தவணை கேளுங்கள்.

கணக்கை முடித்து, விடுபட்ட படிவத்தை இந்த வாரமே போடுங்கள். ஆண்டு மொத்த வருமானம் 2 லட்சம் வெள்ளிக்குள் என்றால் பெரும்பாலும் சி-எஸ் லைட் என்ற சுருக்கப் படிவமே போதும், நிரப்ப வேண்டியது சில கட்டங்கள்தான். நட்டம் உறுதியானால் மதிப்பீட்டைத் திருத்தி, கட்டியதைத் திருப்பித் தருவார்கள்.

இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ படிவம் விடுபட்டிருக்கிறதா? அப்படியானால் வரி ஆலோசகரைப் பாருங்கள். நீதிமன்றம் இரு மடங்கு வரியை அபராதமாக விதிக்க இடமுண்டு.