எலிக்கு லீவர் பழக்குவது

அன்புள்ள ஐயா,

என் மகள் நரம்பியலில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு, போஸ்ட்டாக் ஆராய்ச்சிக்காக அமெரிக்கா போயிருக்கிறாள். என்ன வேலை என்று கேட்டால், "எலிகளை லீவர் அழுத்தப் பழக்குகிறேன், அப்போது மூளையில் என்ன நடக்கிறது என்று பார்க்கிறேன்" என்கிறாள். சொந்தக்காரர்களிடம் என்ன சொல்வது? இத்தனை படித்தது இதற்குத்தானா?
ர., மதுரை

அன்புள்ள ர.,

இதற்குத்தான் என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

ஹார்வர்டில் பென்ஸ் ஓல்வெட்ஸ்கியின் ஆய்வகம் 2015-இல் ஒரு சோதனையை வெளியிட்டது. எலி லீவரை ஒரு தடவை அழுத்தி, 700 மில்லிசெகண்ட் கழித்து மறுபடி அழுத்த வேண்டும். இடைவெளி சரியாக அமைந்தால் குடிக்கத் தண்ணீர். எலிக்கு யார் போய் விளக்குவது? ஆயிரக்கணக்கான தடவை தப்பும் தவறுமாக அழுத்தித்தான் பிடிபடும். பிடிபட்ட பிறகு ஒவ்வொரு எலிக்கும் தனக்கென்று ஒரு கைவாகு வந்துவிடுகிறது.

அப்புறம் அந்த எலிகளின் இயக்கப் புறணியை, அதாவது கைகால் அசைவை ஆள்வதாக நாம் பாடத்தில் படித்த மேல்மூளைப் பகுதியை, இரண்டு பக்கமும் அழித்தார்கள். தேறி வந்த எலிகள் அதே கைவாகோடு பழையபடி அழுத்தின. ஆனால் பழகுவதற்கு முன்பே அந்தப் பகுதியை இழந்த எலிகளுக்கு அந்த இடைவெளி கடைசிவரை பிடிபடவில்லை. கற்க அந்தப் பகுதி வேண்டும். கற்றதைச் செய்ய வேண்டாம். முதல் தடவை படித்தபோது நான் இதை நம்பவில்லை, திரும்பவும் படித்தேன்.

சரி, கற்றதைச் செய்ய வைப்பது எது? அதே ஆய்வகத்தின் பதில் 2021-இல் வந்தது. மூளையின் ஆழத்திலுள்ள பேசல் கேங்லியாவில் இயக்கம் சார்ந்த பகுதியைச் சேதப்படுத்தியதும், எலிகளின் கைவாகு போய்விட்டது. பழகத் தொடங்கிய நாட்களில் அழுத்திய மாதிரியே அழுத்தின. இதை முன்னின்று செய்த அசேஷ் தவாலே, உங்கள் மகளைப் போல அங்கே போஸ்ட்டாக்காக இருந்தவர். பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்துவிட்டார்.

பார்க்கின்சன் நோயில் அழிவது இந்தப் பேசல் கேங்லியாவுக்கு டோபமின் என்ற வேதிப்பொருளை அனுப்பும் செல்கள். என் பெரியப்பாவுக்கு அந்த நோய் இருந்தது. அறுபது வருஷம் தானே பொத்தான் போட்டுக்கொண்ட மனிதர். பொத்தான் காஜாவின் ஓரம்வரை வரும், அங்கேயே விரல் நின்றுவிடும். பெரியம்மா கிட்டே போனால் கையைத் தட்டிவிடுவார். அந்த விரல் ஏன் அங்கே நின்றது என்பதற்கான விடையை உங்கள் மகள் மாதிரி ஆட்கள்தான் எலிக்கூண்டுப் பக்கத்தில் உட்கார்ந்து தேடுகிறார்கள்.

அடுத்த தடவை போனில் பேசும்போது, அவளுடைய எலிகள் பழக எத்தனை நாள் ஆகிறது என்று கேட்டுப் பாருங்கள்.