ஜி புரதம் படிக்க நினைக்கும் மகளுக்கு வேலை கிடைக்குமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

உயிர்வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள், ஜி புரதங்களை அடக்கி வைக்கும் புரதங்களைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்வேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள், இதற்கெல்லாம் யார் வேலை கொடுப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கவலை. முதலில், அவளை இழுப்பது எது என்று பார்ப்போம்.

ஹார்மோன், ஒளி, மணம் என்று வெளியிலிருந்து வரும் தகவலைச் செல்கள் ஏற்பிகள் என்ற புரதங்கள் மூலம் அறிகின்றன. அவற்றில் பல, தகவலை செல்லுக்குள் கடத்த ஜி புரதம் என்ற சுவிட்சைப் பயன்படுத்துகின்றன. ஜி புரதத்தோடு இணைந்து செயல்படும் ஏற்பிகள் மட்டும் மனித உடலில் சுமார் 800 வகை. ஏற்பி தூண்டப்பட்டதும், ஜி புரதம் தன்னிடமுள்ள குவனோசின் டைபாஸ்பேட் என்ற, இரண்டு பாஸ்பேட் கொண்ட சிறு மூலக்கூறை விட்டுவிட்டு, மூன்று பாஸ்பேட் கொண்ட குவனோசின் டிரைபாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும். சுவிட்ச் போட்டாயிற்று. அதன் ஆல்பா பகுதி மூன்றாவது பாஸ்பேட்டை வெட்டினால்தான் சுவிட்ச் அணையும்.

இங்கேதான் கணக்கு உதைத்தது. விழித்திரையில் இருக்கும் டிரான்ஸ்டியூசின் என்ற ஜி புரதத்தைத் தனியாகப் பிரித்து அளந்தால், அது அணைய பல வினாடிகள் ஆகின்றன. கண்ணிலோ ஒரு மெல்லிய ஒளிக்கீற்றுக்கான எதிர்வினை ஒரு வினாடிக்குள் அடங்கிவிடுகிறது. அப்படியானால் அணைப்பதை வேகப்படுத்த வேறு ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும். 1990களின் நடுவில் ஆர்ஜிஎஸ் என்ற புரதக் குடும்பம் தெரியவந்தபோது விடை கிடைத்தது. உங்கள் மகள் சொல்லும் அடக்கி வைக்கும் புரதங்கள் இவைதான். ஈஸ்டிலும், மண்ணில் வாழும் சிறு புழுவிலும் செய்த மரபணு ஆய்வுகள் அதற்குப் பெரிதும் உதவின. இந்தப் புரதங்களில் உள்ள, சுமார் 120 அமினோ அமிலம் நீளமுள்ள ஒரு பகுதி ஜி புரதத்தின் ஆல்பாவோடு ஒட்டி, வெட்டு நடக்கும் அந்தக் கணத்து வடிவத்தில் அதை நிலைநிறுத்துகிறது. வேகம் ஆயிரம் மடங்குகூட ஏறலாம்.

ஆர்ஜிஎஸ்9 என்ற புரதம் பிறவியிலேயே பழுதானவர்களுக்கு, இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தால் பார்வை சீக்கிரம் பழகாது. வேகமாக வரும் பந்தைக் கண்ணால் பின்தொடர்வதும் கஷ்டம். சமிக்ஞையைத் தொடங்கினால் மட்டும் போதாது, நேரத்தோடு நிறுத்தவும் வேண்டும். இதில் ஒரு மாணவிக்கு ஆர்வம் வந்தால் அது நல்ல அறிகுறி என்றே சொல்வேன்.

சரி, வேலைக்கு வருவோம். இந்தத் துறை ஓரமாகக் கிடப்பதல்ல. இன்று பயன்பாட்டில் உள்ள மருந்துகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஜி புரதத்தோடு இணைந்து செயல்படும் ஏற்பிகளைக் குறிவைப்பவை. 1994இல் ஜி புரதத்துக்காக கில்மனும் ராட்பெல்லும், 2012இல் ஏற்பிகளுக்காக லெஃப்கோவிட்ஸும் கோபில்காவும் நோபல் பரிசு பெற்றார்கள். ஆனால் ஆர்ஜிஎஸ் புரதங்களை மட்டும் நம்பி வேலை தேடினால் கதவுகள் குறைவு. ஆர்ஜிஎஸ்ஸும் ஆல்பாவும் ஒட்டும் பரப்பு தட்டையாக இருப்பதால், அதில் பொருந்தும் மருந்து மூலக்கூறைக் கண்டுபிடிப்பது கடினம்.

அதனால் மகளுக்கு நான் சொல்வது இதுதான்: எந்தப் புரதம் என்பதைவிட என்னென்ன முறைகளைக் கற்றுக்கொள்கிறாய் என்று பார். புரதத்தைத் தூய்மைப்படுத்துவது, நொதியின் வேகத்தை அளப்பது, செல் வளர்ப்பு, ஒளிர்வை வைத்து உயிருள்ள செல்லில் சமிக்ஞையைப் பின்தொடர்வது, அப்புறம் தரவை அலச கொஞ்சம் பைத்தான் என்ற கணினி மொழி. இவை கையில் இருந்தால் மருந்து கண்டுபிடிக்கும் நிறுவனம், நோயறிதல் ஆய்வகம், உயிர்த்தகவலியல் என்று எந்தப் பக்கமும் போகலாம். முதுநிலைப் பட்டத்தோடு நிறுத்தினால் பெரும்பாலும் மற்றவர் வகுத்த சோதனையைச் செய்யும் வேலைதான் கிடைக்கும். சொந்தக் கேள்வியைத் துரத்த முனைவர் பட்டம் வேண்டும். அதற்குப் பல ஆண்டுகள் ஆகும், நிரந்தரப் பேராசிரியர் இடங்களும் குறைவு. இதை மறைக்காமல் அவளிடம் பேசுங்கள்.

முடிவெடுக்கும் முன் ஒரு விடுமுறை முழுவதும் ஏதாவது ஆய்வகத்தில் இருந்து பார்க்கட்டும். ஒரே அளவீட்டைத் திரும்பத் திரும்பச் செய்து, எண்கள் ஒத்துவராத நாளிலும் மறுநாள் போக மனம் வருகிறதா என்று அவளே கவனிக்கட்டும். வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரையும் புகழையும் மட்டும் பார்க்காமல், அவரிடம் முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், உதவித்தொகை எத்தனை ஆண்டுக்கு உறுதி என்று நேராகவே கேட்கச் சொல்லுங்கள்.