நால்வரில் முதலில் யாரைப் பார்ப்பது?

கேள்வி: அம்பாசமுத்திரத்தைச் சேர்ந்த நான், பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாகப் பணியாற்றிக்கொண்டே அமெரிக்க உரிமத் தேர்வான என்கிளெக்ஸுக்குப் படித்து வருகிறேன். நான்கு நோயாளிகளைக் கொடுத்து, முதலில் யாரைப் பார்ப்பீர்கள் என்று கேட்கும் வினாக்களில் மட்டும் தொடர்ந்து தவறுகிறேன். எப்படிப் பயில்வது?

பதில்: மூச்சுப்பாதை, சுவாசம், ரத்த ஓட்டம் என்ற வரிசை உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். அந்த வரிசையோடு நிறுத்திக்கொள்வதால்தான் விடை தவறுகிறது. நோயாளியிடம் காணும் அறிகுறி அவருடைய நோய்க்கோ செய்த சிகிச்சைக்கோ இயல்பானதா, எதிர்பாராததா என்பதையே இவ்வினாக்கள் பெரும்பாலும் சோதிக்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுள்ள ஒருவருக்கு ஆக்சிஜன் செறிவு 90 விழுக்காடு. நேற்று வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் வலி பத்துக்கு ஏழு என்கிறார். சர்க்கரை நோயாளி ஒருவருக்கு ரத்தச் சர்க்கரை 240. ஆறு மணி நேரத்துக்கு முன் தைராய்டு அகற்றப்பட்ட பெண், கழுத்துக்கட்டு இறுக்குகிறது என்று கரகரத்த குரலில் சொல்கிறார். 90 என்ற எண்ணைக் கண்டதும் பலர் முதல் நோயாளியிடம் ஓடுவார்கள். ஆனால் அந்நோய்க்கு 88 முதல் 92 வரை என்பதே பொதுவான இலக்கு. வலியும் சர்க்கரையும் கவனிக்க வேண்டியவையே என்றாலும் சில நிமிடம் பொறுக்கும். தைராய்டு நோயாளிக்கோ உள்ளே ரத்தம் கட்டி மூச்சுக்குழாயை அழுத்தத் தொடங்கியிருக்கலாம் என்பதால், அடக்கமாக முறையிடும் அவரே முதலாமவர். நம் வார்டுகளில் உறவினர் சத்தம் போடும் கட்டிலுக்கே முதலில் போய்ப் பழகிவிட்ட கால்களுக்கு இது சற்றுக் கடினந்தான்.

பேரிடர் வினாக்களை இதோடு கலக்காதீர்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நீங்கள் கண்டிருக்கக்கூடிய, யாருக்கு எவ்வளவு அவசரம் என்று காட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களோடு பேரிடர் வினாக்களில் கறுப்பும் சேரும். பெருவிபத்தில் காயமடைந்தவர்களை விரைவாக வகைப்படுத்தும் ஸ்டார்ட் முறைப்படி, நடக்க முடிந்தவர் பச்சை, மூச்சுப்பாதையைத் திறந்துவிட்ட பிறகும் மூச்சு வராதவர் கறுப்பு, மூச்சு நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டினாலோ, மணிக்கட்டில் நாடி கிடைக்காவிட்டாலோ, எளிய கட்டளைக்குக்கூடப் பணிய இயலாவிட்டாலோ சிவப்பு, எஞ்சியவர்கள் மஞ்சள். வார்டில் மூச்சு நின்றவருக்கு எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடுகிறோம். ஆள்பலம் போதாத பெருவிபத்தில் அவரைக் கடந்து, பிழைக்கக்கூடியவரிடம் செல்கிறோம். ஆகவே வினா எந்தச் சூழலில் நிகழ்கிறது என்பதை முதல் வரியிலேயே கண்டுகொள்ள வேண்டும்.

மருத்துவரை அழைப்பது என்ற விடை எப்போதும் சரியென்று தோன்றும். ஆனால் வினாவிலேயே போதிய தகவல் இல்லையெனில் நோயாளியை மதிப்பிடுவதே முதற்செயல். மதிப்பீட்டையும் நோயாளிக்குக் கற்பிப்பதையும் உதவியாளரிடம் ஒப்படைக்கும் விடைகளை நீக்கிவிடலாம்.

2023ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் இவ்வகை வினாக்கள் இடம்பெறும் பராமரிப்பு மேலாண்மைப் பகுதிக்கு 15 முதல் 21 விழுக்காடு ஒதுக்கப்பட்டிருப்பதாலும், விடையளித்த வினாவுக்குத் திரும்ப இயலாது என்பதாலும், பயிற்சியைப் புத்தகத்தோடு நிறுத்தாதீர்கள். தினமும் டியூட்டி மாறும்போது, முந்தைய ஷிப்ட் நர்ஸ் நோயாளிகளின் நிலையைச் சொல்லி ஒப்படைக்கும் ஹேண்டோவரைக் கேட்டவுடன், யாரை முதலில் பார்ப்பேன், எந்த அறிகுறியை முன்னிட்டு என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். ஷிப்ட் முடிவில் யாருடைய நிலை உண்மையில் மோசமானது என்று அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.