முதல் வாடிக்கையாளர் இப்போதைய கம்பெனியாகவே இருக்கட்டும்

உங்கள் கடிதம் படித்தேன் அம்மா. 12 வருடம் ஒரே ஆலையில் எரிசக்திப் பொறியாளராக இருக்கும் மகள், சம்பளத்தை விட்டுவிட்டு, ஆலைகளுக்கு மின்செலவைக் குறைக்க வழி சொல்லும் ஆலோசகராகத் தனியாகப் போகிறேன் என்றால் பெற்றவளுக்கு வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் அந்தப் பயத்தைச் சாக்காக வைத்து, "முதலில் பெரிய காலேஜில் எம்.பி.ஏ. முடிக்கட்டும், அப்போதுதான் ஆலோசகர் என்று மதிப்பார்கள்" என்று உங்கள் கொழுந்தனார் நெருக்குவதை என்னால் ஏற்க முடியாது.

எந்த ஆலை முதலாளி அதைக் கேட்கப்போகிறார்? காற்றை அழுத்தி இயந்திரங்களுக்கு அனுப்பும் கம்ப்ரசர் மின்சாரம் செலவழித்துத் தரும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை கசிவிலேயே போகிற ஆலைகள் உண்டு. லீவு நாளில் இயந்திரங்கள் எல்லாம் நின்றிருக்கும்போது குழாய் வழியே நடந்து, 'உஸ்' என்று சத்தம் வரும் மூட்டுகளில் ஒவ்வொன்றாக அடையாள அட்டையைத் தொங்கவிட்டு வருகிற ஆள்தான் அவருக்குத் தேவை. பெரிய ஃபேனின் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்ட உங்கள் மகளுக்கு ஏற்கெனவே தெரியும். எம்.பி.ஏ. போனால் கட்டணம் ஒரு பக்கம், படிக்கும் காலத்துச் சம்பளம் இன்னொரு பக்கம் போய்விடும். அப்புறம் கடனை அடைக்க மறுபடி ஒரு வேலையில்தான் உட்கார வேண்டும்.

இணையதளம், விசிட்டிங் கார்டு பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள், அதை விடுங்கள். ராஜினாமாக் கடிதம் எழுதும் முன் அவள் தன் மேலாளரிடம் போய், "முழுநேர வேலையை விடுகிறேன், ஆனால் வாரம் இரண்டு நாள், ஆறு மாதத்துக்கு, ஒப்பந்தத்தில் வருகிறேன்" என்று கேட்கட்டும். புது ஆளைத் தேடிப் பிடித்து, எந்த பாய்லர் எப்போது மக்கர் பண்ணும் என்று அவருக்குப் பழக்குவதற்குள் மாதங்கள் ஓடிவிடும் என்பது கம்பெனிக்கும் தெரியும், அதனால் கேட்பதில் தப்பே இல்லை. வாயால் பேசுவது போதாது, ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்: மாதாந்திர மின்செலவு அறிக்கை, கசிவுச் சோதனை, புது இயந்திரம் வாங்கும் முன் பரிசீலனை, இவ்வளவுதான் வேலை; மாதம் ஒரு நிலையான தொகை; பில் கொடுத்த 15 நாளில் பணம்; விலகுவதானால் இரு தரப்பும் 30 நாள் முன்னறிவிப்பு; மற்ற ஆலைகளுக்கும் வேலை செய்ய உரிமை. இந்தக் கடைசி வரியை விட்டுக்கொடுக்கவே கூடாது. ஒரே கம்பெனிக்கு, அவர்கள் சொல்லும் நேரத்தில் மட்டும் உழைத்தால் பல நாடுகளில் வரித்துறை அவளை ஊழியராகவே கருதிவிடலாம், அதனால் மீதி மூன்று நாளும் இரண்டாவது வாடிக்கையாளரைத் தேடுவதற்குத்தான். பழைய நியமன ஆணையில் போட்டி நிறுவனங்களுக்கு வேலை செய்யத் தடை இருக்கிறதா என்றும் முதலிலேயே பார்த்துவிடட்டும்.

கட்டணத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வருடச் சம்பளத்தை 260 வேலை நாட்களால் வகுத்து ஒரு நாள் கட்டணம் என்று சொல்லிவிடுகிறார்கள். விடுமுறை, உடம்புக்கு முடியாத நாள் என்று 30 போனால் 230. அதிலும் வாடிக்கையாளரைத் தேடுவது, மதிப்பீடு எழுதுவது, பாக்கிக்கு அலைவது என்று பாதி போகலாம், அதற்கு யாரும் பணம் தர மாட்டார்கள். ஆக 115 நாளில் வருட வருமானம் வந்தாக வேண்டும், அதாவது ஒரு நாள் கட்டணம் அவர்கள் போட்ட கணக்கைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

வீட்டுப் பணத்தில் நான் இறங்கி வர மாட்டேன். ஒரு வருடக் குடும்பச் செலவு தனிக் கணக்கில் இருக்க வேண்டும், வீட்டை அடமானம் வைக்கக் கூடாது, உங்கள் ஓய்வூதியத்தைத் தொடவே கூடாது. கம்பெனி மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும் என்றால் சொந்தக் காப்பீட்டை இப்போதே எடுக்கட்டும்.

லீவு நாளிலும் மீட்டர் பார்க்க ஓடுகிறாள் என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள். அவள் மனசு எதில் இருக்கிறது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா? அதிகம் பேச மாட்டாள் என்பதும் பரவாயில்லை, பாக்கியைக் கூச்சமில்லாமல் கேட்க மட்டும் பழக வேண்டும். இந்த விஷயத்தில் சொந்தக்காரர்களுக்கு ஓட்டு கிடையாது.

கம்பெனி முடியாது என்றால் அவசரப்பட்டு ராஜினாமா செய்ய வேண்டாம். முன்பு கூட வேலை பார்த்து இப்போது வேறு ஆலைகளில் இருப்பவர்களிடம் அதே ஒரு பக்கத்தைக் காட்டட்டும், தடை ஏதும் இல்லை என்று பார்த்துக்கொண்டு. ஒருவராவது கையெழுத்துப் போட்ட பிறகு வேலையை விடலாம்.