மிதவைக்குக் கீழே பாருங்கள்: பொதுப் படகுத்துறை பற்றிய கேள்வி பதில்

இங்கே மெரினா என்று நான் சொல்வது மணல் கடற்கரையை அல்ல. பாய்மரப் படகும் இயந்திரப் படகும் வாடகைக்கு இடம்பிடித்துக் கட்டி நிற்கும் படகுத்துறையை. நகர நிர்வாகத்தின் கையில் உள்ள துறைகளில் பல வருடம் பராமரிப்பைப் பார்த்தவன் நான். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நகராட்சிப் பொறியாளர்: சாலை, குடிநீர் என்று வேலை பார்த்தவனிடம் திடீரென்று 180 படகு நிற்கும் துறையைக் கொடுத்துவிட்டார்கள். எங்கே தொடங்குவது சார்?

ஓத அட்டவணையை எடுத்து, இந்த மாதம் கடல் எந்த நாளில் அதிகமாக வற்றும் என்று பாருங்கள். அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டித்தான் வரும். அன்றைக்கு ஒரு சின்னப் படகு, சுத்தியல், சுரண்டி, டார்ச் லைட்டோடு மேடைக்கு அடியில் போங்கள். மேலே நடந்து பார்த்தால் எந்தத் துறையும் நன்றாகத்தான் தெரியும், பெயின்ட் அடித்திருப்பார்கள் இல்லையா.

இரும்புத் தூண் என்றால், வற்று மட்டத்தை ஒட்டிய பட்டையைச் சுரண்டுங்கள். ஆரஞ்சு நிறத்தில் மெத்தென்று ஒரு படிவம் வரும். அதை வழித்தால் கருப்புச் சேறு. அதையும் துடைத்தால் பளபளவென்று, அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்த இரும்பு. இந்த மூன்றும் வரிசையாகத் தெரிந்தால் அது வெறும் துரு அல்ல, பாக்டீரியா சேர்ந்து செய்யும் அரிப்பு. ஆண்டுக்கு அரை மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தின்றுவிடும். 10 மில்லிமீட்டர் தகடு எத்தனை நாள் தாங்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இது கண்ணில் படுவதே வற்றத்தில் மட்டும்தான், அதனால்தான் அந்த நாளைக் குறிக்கச் சொன்னேன்.

மரத்தூண் என்றால் தட்டிப் பாருங்கள். உள்ளே கப்பல் புழு குடைந்த தூண் பொத்தென்று செத்த சத்தம் கொடுக்கும். பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனம். குண்டூசித் தலை அளவு துளையில் நுழைந்து, உள்ளே விரல் பருமனுக்கு வளர்ந்துவிடும். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் வடபகுதியில் 1919 முதல் 1921 வரை துறைமேடைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்து விழுந்தது இதனால்தான். ஆற்று நீர் குறைந்து உப்பு ஏறியதும் புழு உள்ளே வந்துவிட்டது. உங்கள் துறைக்கு மேலே ஆற்றில் அணை, தடுப்பு என்று ஏதாவது கட்டினால், மரத்தூண்களை அப்போதிலிருந்தே கூடுதலாகக் கவனியுங்கள்.

படகு உரிமையாளர்: படகின் மற்ற உலோகம் அரிக்காமல் தான் கரைந்து காக்கும் துத்தநாகக் கட்டை வருடம் முழுக்க வர வேண்டும், மூன்று மாதத்தில் கரைந்துவிடுகிறது. பக்கத்துப் படகால் இருக்குமா?

இருக்கலாம். கரை மின்சாரத்தில் எப்போதும் செருகி வைத்திருக்கிறீர்கள் என்றால், எர்த் கம்பி வழியாக உங்கள் படகும் பக்கத்துப் படகுகளும் ஒரே மின்கலம்போல இணைந்துவிடுகின்றன. கட்டையே இல்லாத ஒரு படகுக்கும் சேர்த்து உங்கள் துத்தநாகம் கரைகிறது. கால்வனிக் ஐசொலேட்டர் என்று ஒரு கருவி கிடைக்கும், எர்த் கம்பியில் தொடராகப் போடுவது. கட்டையைக் கரைக்கும் அந்தச் சிறு மின்னோட்டத்தைத் தடுக்கும், எர்த்தின் பாதுகாப்பு அப்படியே இருக்கும். தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்துப் போடுங்கள். செலவைப் பார்த்து எர்த்தையே வெட்டிவிடும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அதை மட்டும் செய்யவே கூடாது. ஏன் என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

ஒரு தாய்: விடுமுறையில் பிள்ளைகள் மிதவையிலிருந்து குதித்து விளையாடுகிறார்கள். காவலர் விரட்டுகிறார். நீச்சல் தெரிந்த பிள்ளைகள்தானே, ஏன் இவ்வளவு கண்டிப்பு?

அம்மா, அந்தக் காவலருக்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டும். படகு இடிக்கும், கயிறு சிக்கும் என்பதெல்லாம் அப்புறம். முதல் பயம் மின்சாரம்.

ஏதோ ஒரு படகில் வயர் பழுதாகி, எர்த்தும் அறுந்திருந்தால், கசியும் மின்சாரம் தண்ணீர் வழியாகத்தான் திரும்பப் போகும். அந்த நேரம் பார்த்து நடுவில் ஒரு பிள்ளை நீந்தினால், 10 மில்லிஆம்பியர் அளவிலேயே கைகால் சொல் பேச்சுக் கேட்காது. கத்தக்கூட முடியாமல் முழுகிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சாதாரணமாக மூழ்கியதுபோலத்தான் தெரியும். உடம்பில் பெரும்பாலும் காயமும் இருக்காது. நல்ல நீரில் ஆபத்து மிக அதிகம், ஏனென்றால் அங்கே தண்ணீரைவிட மனித உடம்பு மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். கடல் நீரில் குறைவு. ஆனால் கடலோரத் துறைகள் பல முகத்துவாரத்தில் இருக்கின்றன, மழை பெய்தால் மேலே நல்ல நீர் ஓர் அடுக்காக நிற்கும். ஆகவே கடல்தானே என்று விட்டுவிட முடியாது.

யாராவது தண்ணீரில் விறைத்துப்போவதைப் பார்த்தால் தயவுசெய்து குதிக்காதீர்கள். காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து போன சம்பவங்கள் உண்டு. முதலில் மேடையின் மெயின் சுவிட்சை அணையுங்கள், அப்புறம் மிதவை வளையத்தை வீசுங்கள். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று எல்லாப் படகுக்காரர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நிர்வாகத்தின் பங்கும் இருக்கிறது. ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனித்தனியாக 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.டி., அதாவது மின்கசிவு தெரிந்ததும் தானாக மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச், வேண்டும். அதன் டெஸ்ட் பொத்தானை ஒழுங்காக அழுத்திப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். நான் பொறுப்பேற்ற ஒரு துறையில் ஒரே ஒரு பிரேக்கர் அடிக்கடி விழுகிறது என்று யாரோ அதைச் சுற்றிக் கம்பி போட்டு நேரடியாக இணைத்திருந்தார்கள். அதற்கு அடியில்தான் பிள்ளைகள் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெட்டியைத் திறந்த நிமிடத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

நகர மன்ற உறுப்பினர்: வருடா வருடம் தூர்வாரப் பணம் கேட்கிறார்கள். ஒரே தடவையில் ஆழமாகத் தோண்டிவிட்டால் தீராதா?

தீராது. அலை கரையைச் சாய்வாக அடிக்கும் இடங்களில் மணல் கரையோரமாக ஓர் ஆறு மாதிரி ஓடிக்கொண்டே இருக்கிறது. குறுக்கே அலைத்தடுப்புச் சுவர் கட்டினால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் கரை அரிக்கும். கலிஃபோர்னியாவின் சான்டா பார்பராவில் 1920களின் இறுதியில் சுவர் கட்டினார்கள். மணல் சுவரை ஒட்டி நிரம்பி, முனையைச் சுற்றித் துறைக்குள்ளேயே வந்து படிந்தது. 1930களில் தொடங்கிய தூர்வாரல் இன்றும் நடக்கிறது. சான்டா குரூஸ் துறை சொந்தமாகவே ஒரு தூர்வாரிக் கலம் வைத்திருக்கிறது.

ஆழமாகத் தோண்டினால் குழி பெரிதாகும், அவ்வளவுதான். மணல் இன்னும் தாராளமாக வந்து விழும். தூர்வாரும் பணத்தை எதிர்பாராத செலவு என்று எழுதாமல் சம்பளம், மின்கட்டணம் மாதிரி நிரந்தரச் செலவாக எழுதுங்கள். எடுக்கும் மணல் சுத்தமானதா என்று சோதித்துவிட்டு, கரை அரிக்கும் பக்கத்தில் கொட்டுங்கள். படகு கழுவும் இடத்துக்குக் கீழே உள்ள சேற்றைத் தனியாகச் சோதிக்க வேண்டும், அதில் பழைய பெயின்ட்டின் செம்பு இருக்கும்.

துறைப் பணியாளர்: டீசல் சிந்தினால் சோப்புத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்கள். சரியா அண்ணா?

தப்பு. எண்ணெய் மறையும், போகாது. துளித்துளியாக உடைந்து கீழே இறங்கி மீன் குஞ்சுக்கும் சிப்பிக்கும் போய்ச் சேரும். எண்ணெயை மட்டும் உறிஞ்சும் பஞ்சுப் பட்டை வைத்து எடுங்கள். பல நாடுகளில் சோப்பு ஊற்றுவது குற்றமும்கூட. இன்னொன்று, பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். படகின் அடிக்கூட்டில் போய்த் தங்கும். நிரப்பி முடித்ததும் மூக்கை வைத்துப் பார்த்து, நான்கு நிமிடமாவது ப்ளோயர் (ஆவியை வெளியே தள்ளும் விசிறி) ஓடிய பிறகுதான் எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

கல்லூரி மாணவி: படகின் அடியில் ஒட்டும் கொட்டலசும் சிப்பியும் இவ்வளவு பெரிய பிரச்சினையா?

வேகம் குறையும், எரிபொருள் கூடும். அது படகுக்காரர் கவலை. துறையின் கவலை, எங்கிருந்தோ வந்த உயிரினம் இங்கே குடியேறுவது. 1999-ல் ஆஸ்திரேலியாவின் டார்வினில், ஒரு மெரினாவில் மூழ்கிப் பார்த்தவர்கள் அதுவரை அங்கே இல்லாத கருங்கோட்டுச் சிப்பி மண்டிக் கிடப்பதைக் கண்டார்கள். அதற்குச் சில மாதம் முன்பு பார்த்தபோது இல்லை. மூன்று மெரினாக்களை மூடினார்கள். மதகுக் கதவு இருந்ததால் நீரை அடைத்து, குளோரினும் செம்பு சல்பேட்டும் கலந்து சிப்பியை அழித்தார்கள். கூடவே உள்ளே இருந்த மற்ற உயிர்களும் போயின. கதவு இல்லாத துறையில் அதையும் செய்திருக்க முடியாது.

பெயின்ட் பக்கமும் ஒரு கதை இருக்கிறது. படகின் அடியில் எதுவும் ஒட்டாமல் இருக்க டிரைபியூட்டைல் டின் என்ற நச்சு கலந்து அடித்த பெயின்ட் அருமையாக வேலை செய்தது, ஆனால் பிரான்ஸின் ஆர்காஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பையே சாய்த்தது. 1982-ல் பிரான்ஸ் சிறு படகுகளில் அந்தப் பெயின்ட்டை அடிக்கத் தடை போட்டது. உலக அளவிலான தடை ஒப்பந்தம் 2008-ல்தான் நடைமுறைக்கு வந்தது.

துறை மேலாளர்: வாடகை கட்டாமல் கைவிட்டுப் போன படகுகளை என்ன செய்வது?

மூழ்குவதற்கு முன்பே தூக்குங்கள். மிதக்கும் படகை இழுத்துப் போவதற்கும், மூழ்கிய படகை எண்ணெயோடு எடுப்பதற்கும் செலவு ஏணி வைத்தாலும் எட்டாது. ஒப்பந்தத்திலேயே காப்பீடு, முன்பணம், எத்தனை நாள் பாக்கிக்குப் பிறகு படகு உங்கள் வசம் என்பதெல்லாம் எழுதியிருக்க வேண்டும்.

இன்னொரு பொறியாளர்: புயலுக்கு மிதவைத் துறை தாங்குமா?

முதலில் தூண்களின் உயரத்தை அளந்து பாருங்கள். மிதவை தூணைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் போகிறது. புயல் அலையேற்றத்தில் நீர்மட்டம் தூணின் தலையைத் தாண்டினால் மிதவை கழன்று, படகுகளோடு மொத்தமாக மிதந்து போய்விடும். கலிஃபோர்னியாவின் கிரசென்ட் சிட்டி துறையைச் சுனாமி 2006-லும் 2011-லும் உடைத்தது. மறுபடி கட்டும்போது தூண்களில்தான் அதிகம் கவனம் வைத்தார்கள்.

முன்னறிவிப்பு வந்ததும் பாயைக் கழற்றச் சொல்லுங்கள், கயிற்றை இரட்டிப்பாக்கி, உரசும் இடத்தில் பழைய குழாயைச் சுற்றச் சொல்லுங்கள். காற்று தொடங்கிய பிறகு யாரையும் படகுக்குள் இருக்க விடாதீர்கள்.

இரவுக் காவலர்: புதிதாகச் சேர்ந்திருக்கிறேன் ஐயா. ரோந்தில் எதைப் பார்க்க வேண்டும்?

பார்ப்பதைவிடக் கேளுங்கள் தம்பி. ஒரு படகின் பம்ப் எப்போதாவது ஓடி நிற்பது இயல்பு. நீங்கள் ஒரு சுற்று முடித்துத் திரும்பும்போதும் அதே பம்ப் ஓடிக்கொண்டிருந்தால் உள்ளே தண்ணீர் ஏறுகிறது என்று அர்த்தம். பாட்டரி தீரும்வரைதான் அந்தப் படகு மிதக்கும். நேற்று தெரிந்த நீர்க்கோடு இன்று தெரிகிறதா என்று டார்ச் அடியுங்கள். தண்ணீரில் தொங்கும் கரண்ட் கேபிளைக் கண்டால் தொடாதீர்கள், பெட்டியில் அணைத்துவிட்டு உரிமையாளரை எழுப்புங்கள், எந்த நேரமானாலும்.