வாசகர் கேள்வி: ஒளிச்சேர்க்கையை ராப்பில் பாடலாமா?

எட்டாம் வகுப்புக்காக ஒளிச்சேர்க்கையை ராப் பாட்டாக எழுதி மனப்பாடம் செய்ய வைத்தேன். ஒரு வாரம் குஷி. பிறகு யாரும் சீண்டவில்லை. எங்கே தவறு?
– அறிவியல் ஆசிரியை, தென்காசி

பாட்டை நீங்கள் எழுதியதுதான் தவறு. பிள்ளைகளுக்கு அது மெட்டுப் போட்ட வாய்ப்பாடு, அவ்வளவே. நியூயார்க் பள்ளிகளில் 2013-ல் பேராசிரியர் கிறிஸ்டஃபர் எம்டின், வூ-டாங் கிளான் ராப் குழுவின் பாடகர் ஜிஸ்ஸாவோடு சேர்ந்து அறிவியல் ராப் போட்டி நடத்தினார். வரிகளை எழுதியவர்கள் மாணவர்கள். இலை எதை உள்ளே இழுக்கிறது, எதை வெளியே விடுகிறது என்று புரியாதவருக்கு மூன்றாவது வரியிலேயே பேனா நின்றுவிடும். அங்கே போய் உட்காருங்கள். பாடம் நடத்த வேண்டிய இடம் அதுதான்.

நான்கைந்து பேர் ஒரு குழு. நிமிடத்துக்கு 90 தட்டு வேகம் போதும். 100 தாண்டினால் புதியவர்களுக்கு நாக்கு குழறும். நான்கு தட்டு சேர்ந்தது ஒரு பார். ராப் பாட்டில் வழக்கமான 16 பார் வேண்டாம், எட்டு எழுதட்டும்; பாடி முடிக்க 21 விநாடிதான். ஒரு பாருக்கு ஒரு வரி, வரிக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு எழுத்து. புள்ளி வைத்த எழுத்தை எண்ண வேண்டாம்.

தமிழில் ஒரு வம்பு உண்டு. வினைமுற்று வரிக்கடைசியில் வந்து விழுவதால் ‘இழுக்கிறது, எடுக்கிறது, கொடுக்கிறது’ என்று இயைபு (வரிக்கடைசி ஒலி ஒன்றுவது) உழைக்காமலே கிடைத்துவிடும்; நாலாவது வரியில் கொட்டாவி வரும். பெயர்ச்சொல்லில் முடிக்கச் சொல்லுங்கள்:

வேர் வழியா ஏறும் நீரு
வெயில் பட்டா இலையில சோறு

‘வேர்’, ‘ஏறும்’, ‘நீரு’ மூன்றிலும் நெடில் இருக்கிறது, பாருங்கள். தட்டு விழும் இடத்தில் நெடிலை வையுங்கள். குறிலை இழுத்தால் ‘படம்’ ‘பாடம்’ ஆகிவிடும்.

கூச்சப்படும் பிள்ளை எழுதட்டும், இன்னொருவர் பாடட்டும், மூன்றாமவர் மேசையில் தாளம் போடட்டும்: 1, 3 உள்ளங்கை, 2, 4 விரல்நுனி. குரலுக்கு மார்க் போடாதீர்கள்.

பங்க் என்பது இசை தெரியாதவர்கள் போடும் கூச்சல்தானே?
– வாசகர், கோவை

பாதி சரி. தெரியாதவர்களை மேடையேற்றியதுதான் இந்த முரட்டு ராக் இசையின் சாதனையே. 1977-ல் இங்கிலாந்தின் ‘சைட்பர்ன்ஸ்’ என்ற ரசிகர் ஏட்டில் மூன்றே கிட்டார் கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகளை) வரைந்து, இனி நீயே குழு தொடங்கு என்று போட்டிருந்தார்கள். முந்தைய ஆண்டுதான் பிரபல ராக் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் மேடையில் குடியேறிகளை எதிர்த்துப் பேசியிருந்தார். அதைக் கண்டித்துப் பிறந்த ‘ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்’ இயக்கம் 1978 ஏப்ரல் 30 அன்று லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பூங்காவுக்கு ஊர்வலம் போனது. அங்கே பங்க் குழுவான கிளாஷும் ஜமைக்கா இசையான ரெகே வாசிக்கும் ஸ்டீல் பல்ஸும் ஒரே மேடையில் வாசித்தன.

கிட்டார் இல்லையென்றால் ஏட்டை எடுத்துக்கொள்ளுங்கள். (கையெழுத்துப் பத்திரிகை நடத்திய ஊர்தானே நம்முடையது!) ஏ4 தாளை மூன்று முறை பாதியாக மடித்து விரித்தால் எட்டுக் கட்டம். குறுகிய ஓரங்கள் சேரும்படி ஒருமுறை மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து நடுக்கோட்டில் அடுத்த மடிப்புவரை கத்தரியுங்கள். பிறகு விரித்து, நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளினால் எட்டுப் பக்கப் புத்தகம். எழுதுவதற்கு முன் புத்தகமாகவே வைத்துப் பென்சிலால் பக்க எண் போடுங்கள்; விரித்தால் நான்கு பக்கம் தலைகீழாக நிற்கும், அது சரிதான். நீலப் பேனா ஜெராக்ஸில் வெளிறும், கறுப்பு மையே நல்லது. ஓரத்தில் அரை சென்டிமீட்டர் விடாவிட்டால் எழுத்து வெட்டுப்படும்.

பாட்டுப் பாடி எதாவது நடந்திருக்கிறதா?
– கல்லூரி மாணவர், மதுரை

கொடைக்கானலில் இந்துஸ்தான் யூனிலீவரின் தெர்மாமீட்டர் ஆலை விட்டுப்போன பாதரசக் கழிவு பற்றி ராப் பாடகி சோபியா அஷ்ரஃப் பாடிய பாட்டு 2015 ஜூலையில் வந்தது. 2016 மார்ச்சில் அந்த நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. பாட்டால் மட்டும் வந்தது என்று சொல்லிவிடாதீர்கள். தொழிலாளர்கள் பத்தாண்டுகளாக உயர்நீதிமன்றத்தில் வழக்காடிக்கொண்டிருந்தார்கள். பாட்டு அந்த வழக்கை உலகத்தின் காதில் போட்டது. மண்ணைச் சுத்தம் செய்யும் பிரச்சினை தீராததால் 2018-ல் சோபியாவே மறுபடி பாட வேண்டியிருந்தது.

யூடியூபில் ‘ஃப்ரீ பீட்’ எடுத்துப் பள்ளிப் பாட்டை வெளியிடலாமா?
– பெற்றோர், திருச்சி

பெரும்பாலும் அந்தத் தயார் தாள இசை ‘ஃப்ரீ’ என்பது நீங்கள் அதில் காசு பார்க்காதவரைதான். பீட்டின் கீழே எழுதியிருக்கும் நிபந்தனையைப் படியுங்கள். மேசைத் தாளத்தைப் பதிவு செய்தால் அந்தத் தொல்லையே இல்லை. பிள்ளைகளின் முகம் தெரிந்தால் வீட்டாரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.